முனை உடைந்த மடக்குக் கத்தியும் பினாங்கின் ஒரு சாணைக் கடையும்

அலகு உடைந்த விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி ஒன்றை இருபது ரிங்கிட்டுக்கு மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்த ஒரு சாணைக் கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. கடை ஜார்ஜ் டவுனில், சௌராஸ்தா சந்தையை ஒட்டிய சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. தனியாளாக வேலை செய்யும் உரிமையாளர், வருகின்ற வேலையையே முடித்துக் கொடுக்க இயலவில்லை என்று கூறி, பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன். ஆயினும் அந்த வட்டாரத்து இந்திய முடிதிருத்தும் கடை எதிலாவது நுழைந்து, கத்தரிக்கோலுக்கு எங்கே சாணை பிடிக்கிறீர்கள் என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். அவருடைய கைத்திறன் பாராட்டுக்குரியது. அதைக் காட்டிலும், எந்த வேலையைத் தாம் ஏற்கக் கூடாது என்பதில் அவருக்கு இருக்கும் தெளிவு என்னைக் கவர்ந்தது. அலகையே மாற்றித் தரும்படி கேட்டுத்தான் அவரிடம் போனேன். அதை மறுத்துவிட்டு, உடைந்த அலகைத் திருத்திக் கொடுத்தார்.

கத்தி பலரிடமும் இருக்கக்கூடிய சாதாரண வகைதான். மூடிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளம், சிவப்புப் பிடி, பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று, டின் திறப்பான், போத்தல் திறப்பான், தக்கைத் திருகி. சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் கார்ல் எல்ஸனர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ் நிறுவனம். இந்தக் கத்தியின் முன்னோடியான அதிகாரிகள் கத்தி 1897இல் பதிவு செய்யப்பட்டது. தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த என் மைத்துனர், சாய டின்னின் மூடியை நெம்புவதற்கு இதன் பெரிய அலகை எடுத்துக்கொண்டார். மூடி அசையவில்லை, அலகின் முனை ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் ஒடிந்து, மூடியின் விளிம்பிலேயே சிக்கிக்கொண்டது. அதே கத்தியின் போத்தல் திறப்பானுடைய நுனி தட்டையான திருப்புளியாகவும் பயன்படும் தடித்த உருக்குப் பட்டை என்பதையும், மூடியை அதனால் நெம்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதையும் மைத்துனரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் இன்னமும் அந்த டின்னைத்தான் குறை சொல்கிறார்.

நெம்பினால் அலகு உடைவதற்குக் காரணம் உருக்கின் தரக்குறைவு அன்று. இந்த அலகுகள் ஏறக்குறைய அரை விழுக்காடு கரிமமும் பதினான்கு விழுக்காடு குரோமியமும் சிறிதளவு மாலிப்டினமும் சேர்ந்த துருப்பிடிக்காத உருக்கால் ஆனவை. 1040 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிக் குளிரவைத்து, பின்னர் 160 பாகையில் மீண்டும் பதப்படுத்துவதால், உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56ஐ ஒட்டிய கடினத்தைப் பெறுகின்றன. அதே கத்தியின் திருப்புளிக்கு 52, ஸ்பிரிங்குக்கு 49 என்று நிறுவனம் வெவ்வேறு கடினத்தை வைத்திருப்பதிலிருந்தே, வளைவைத் தாங்க வேண்டிய பாகங்களுக்கும் வெட்ட வேண்டிய பாகத்துக்கும் ஒரே பதம் பொருந்தாது என்பது விளங்கும். மேலும், அலகு அடியிலிருந்து முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகிறது. ஓர் உருக்குத் தகட்டின் தடிமன் பாதியானால், உடையாமல் அது தாங்கக்கூடிய வளைவுச் சுமை கால் பங்காகிவிடும். வெட்டும்போது விசை அலகின் அகலத்தின் வழியாகச் செல்கிறது, அதைத் தாங்க உருக்கு நிறைய இருக்கிறது. நெம்பும்போதோ முழு விசையும் மிக மெல்லிய இடத்தில் பக்கவாட்டாக இறங்குகிறது.

இதனால்தான் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசுவதற்கும் அதிகம் இல்லை. பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளுக்கு நிறுவனம் ஆயுட்கால உத்தரவாதம் அளிக்கிறது. வழக்கமான தேய்மானமும் தவறான பயன்பாடும் அதில் சேரா. கட்டணம் பெற்றுக்கொண்டு பழுது பார்க்கும் சேவை நிறுவனத்திடம் உண்டு. நினைவுப் பரிசாகக் கிடைத்த கத்தி, உற்பத்தி நிறுத்தப்பட்ட வகை, பெயர் பொறித்த கத்தி போன்றவற்றுக்கு அந்த வழியைத்தான் நானும் பரிந்துரைப்பேன். ஆனால் கடைகளில் இன்றும் கிடைக்கும் வகை என்றால், அனுப்பும் செலவு, பழுதுபார்ப்புக் கட்டணம், காத்திருக்கும் காலம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் புதிய கத்தியையே வாங்கிவிடுவார்கள். நான் வாங்காததற்குக் காரணம், உடைந்தது ஆறு மில்லிமீட்டர் மட்டுமே, சிறிய அலகைத் தவிர மற்ற கருவிகள் யாவும் புதிது போலவே இருந்தன என்பதுதான்.

அலகை மாற்றுவது எளிது என்று எனக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அதைச் செய்து தருவதாகச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. பேரங்காடி ஒன்றில் சாவி வெட்டுவதோடு காலணியும் தைத்துக் கொடுக்கும் ஒரு முகப்பில், அலகு வரவழைத்து மாற்றித் தருகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்டார்கள். அந்த அலகு எங்கிருந்து வரும் என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. இந்த 91 மில்லிமீட்டர் கத்திகளில் திருகாணி கிடையாது. சிவப்புப் பிடிகளுக்கு உள்ளே மெல்லிய அலுமினியத் தகடுகள், அவற்றுக்கிடையே அலகுகளும் கருவிகளும் ஸ்பிரிங்குகளும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டு, பித்தளை ஆணிகள் ஊடுருவி, இரு முனைகளும் தட்டி விரிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங்குகள் முன்கூட்டியே இறுக்கம் ஏற்றப்பட்ட நிலையில் அடைக்கப்பட்டிருப்பதால், ஆணியை எடுத்த கணமே அடுக்கு முழுவதும் இடம்பெயரும். பற்குச்சி, சாமணம், கத்தரிக்கோலின் சிறு ஸ்பிரிங் போன்றவற்றை உதிரியாக வாங்கிப் பொருத்துவதுபோல அலகை வாங்கிப் பொருத்த முடியாது. இதையே பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பழைய கத்தியைப் பலிகொடுத்து அதன் அலகை எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, ஒரு கத்தியைச் சரிசெய்ய இரண்டு கத்திகளைக் கழற்ற வேண்டும்.

சாணைக் கடைக்காரர் இவ்வளவையும் எனக்கு விளக்கவில்லை. தமிழ் முஸ்லிமான அவரை அக்கம்பக்கத்தார் அனைவரும் பாய் என்றே அழைக்கிறார்கள். கத்தியை வாங்கி இருமுறை திறந்து மூடி, மூடும்போது எழும் ஓசையைக் கேட்டுவிட்டு, "பிரிச்சா இந்தச் சத்தம் திரும்ப வராது தம்பி" என்றார். ஆணியை அவரால் கழற்ற முடியும், மறுபடியும் தட்ட முடியும். ஆனால் தட்டும்போது சற்றே இறுகினால் கருவிகள் திறக்காது, சற்றே தளர்ந்தால் அலகு ஆடும், ஆடுகிற அலகால் கைவிரலுக்கு ஆபத்து. அந்தச் சரியான அழுத்தம் ஆலையின் இயந்திரத்துக்குத்தான் தெரியும், தம் சுத்தியலுக்குத் தெரியாது என்று கூறி, அந்த வேலையை ஏற்க மறுத்தார். பணம் கிடைக்கும் வேலையை இவ்வளவு விரைவாகத் தட்டிக் கழிக்கும் கடைக்காரரைப் பார்ப்பது அரிது.

அவர் முன்வைத்தது, இருக்கிற அலகிலேயே புதிய முனை எடுப்பது. இது கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், எந்தப் பக்கத்திலிருந்து தேய்ப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அனுபவமில்லாதவர்கள் உடைந்த இடத்தில் வாய்ப் பக்கத்தை, அதாவது வெட்டும் விளிம்பை, மேல்நோக்கி வளைத்துத் தேய்த்து, முதுகைத் தொடும் இடத்தில் முனையை உண்டாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் உருக்கு அதிகம் வீணாகாது, வேலையும் விரைவில் முடியும். ஆனால் முனை முதுகின் மட்டத்துக்கு ஏறிவிடும். மடக்குக் கத்தியை மூடும்போது வாய் உள்ளேயும் முதுகு வெளியேயும் இருக்குமாதலால், முதுகு மட்டத்தில் இருக்கும் முனை பிடியின் தகடுகளுக்கு மேலே தலைகாட்டும். சட்டைப்பைக்குள் கையை விடும்போதெல்லாம் அது குத்தும். எனவே முதுகுப் பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்து, முனையை வாயின் மட்டத்தை நோக்கிக் கீழிறக்க வேண்டும். வெட்டுகிற வாய் கூடுமானவரை அப்படியே நிற்கும். முதுகு மட்டும் முன்னே சற்றுச் சாய்ந்து இறங்கும். என் கத்தி இப்போது அப்படித்தான் இருக்கிறது. மூடினால் முனை தகடுகளுக்கு இடையே முழுமையாக அடங்கிவிடுகிறது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தாலும் தட்டுப்படவில்லை.

இதற்கு இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. அலகின் அடிப்பகுதியில், வாய் தொடங்குவதற்கு முன்னால், தீட்டப்படாத ஒரு சிறு மேடு இருக்கும். கத்தி மூடியிருக்கும்போது அந்த மேடுதான் ஸ்பிரிங்கின் மீது உட்கார்ந்து, கூரான வாய் ஸ்பிரிங்கில் மோதாமல் காக்கிறது. அதை அரத்தால் சிறிது தேய்த்துவிட்டால் அலகு முழுவதும் உள்ளே ஆழமாக இறங்கும், தலைகாட்டும் முனையும் மறைந்துவிடும். பழைய கத்திகளில் சிலர் இப்படிச் செய்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அளவு மீறினால், ஒவ்வொரு முறை மூடும்போதும் வாய் ஸ்பிரிங்கில் அடிபட்டு, நடுவில் ஒரு பல் விழுந்துவிடும். பாய் அந்த மேட்டைத் தொடவே இல்லை. நான் கேட்டபோது, அது கடைசி வழி, முனையை ஒழுங்காக இறக்கியவனுக்கு அது தேவைப்படாது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தேய்த்த முறையைக் கூடவே நின்று பார்த்ததால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல முடிகிறது. கடையில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று, எல்லாப் பட்டறைகளிலும் இருக்கும் உலர்ந்த மின்சாணை. இத்தகைய மோட்டார்கள் நம் நாட்டு மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 முறை சுழலும். மற்றொன்று, அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கியபடி மெதுவாகச் சுழலும் பெரிய கல். விரைவுச் சக்கரத்தில் வைத்திருந்தால் ஒடிந்த விளிம்பு ஒரு நிமிடத்தில் ஒழுங்காகியிருக்கும். அவர் அதை வெட்டுக்கத்திகளின் காம்பைத் தேய்க்கவும் துருப்பிடித்த மண்வெட்டிகளுக்கும் மட்டுமே பயன்படுத்துகிறார். என் கத்தியின் வேலை முழுவதும் ஈரக் கல்லிலேயே நடந்தது. சில விநாடிகள் தேய்த்தவுடன் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்ப்பது, பிறகு மறுபடியும் தேய்ப்பது என்று பொறுமையாகச் செய்தார். கையுறை அணியாததற்குக் காரணம் கேட்டேன். விரல் தாங்குகிற சூடுதான் உருக்கு தாங்குகிற சூடு என்றார். இந்த அளவுகோலில் பாதுகாப்பு மிக அதிகம், ஏனெனில் 160 பாகையில் பதப்படுத்திய உருக்குக்கு விரல் பொறுக்கும் சூடு ஒரு பொருட்டே அன்று; ஆனால் கருவி எதுவும் இல்லாமல் ஒருவர் கடைப்பிடிக்கக்கூடிய வரம்புகளில் இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியவில்லை. முனையில் உருக்கின் பொருண்மை மிகக் குறைவாதலால் சூடு அங்கே தேங்கி, கண்மூடித் திறப்பதற்குள் பதத்தைக் கெடுத்துவிடும்.

அப்படிக் கெட்டதற்குச் சான்று என் கத்தியிலேயே இருந்தது. சிறிய அலகை நீண்ட காலத்துக்கு முன் ஒரு பேரங்காடி முகப்பில் தீட்டக் கொடுத்திருந்தேன். உலர்ந்த சக்கரத்தில் தீட்டிக் கொடுத்ததில், முனைப்பக்கம் வைக்கோல் நிறமும் அதன் ஓரத்தில் நீலமும் படர்ந்திருந்தன. வாங்கிய அன்று கூர்மையாக இருந்தது. அட்டைப்பெட்டி ஒன்றை அறுத்த பின் மழுங்கிவிட்டது. குரோமியம் மிகுந்த உருக்கில் இந்த நிறங்கள் சாதாரண உருக்கைக் காட்டிலும் கூடுதலான வெப்பத்தில்தான் தோன்றும் என்பதால், அந்த இடம் 160 பாகையை எவ்வளவு தாண்டிப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பாய் பழைய அரம் ஒன்றை எடுத்து இரண்டு அலகுகளின் முதுகிலும் மெல்ல இழுத்துக் காட்டினார். பெரிய அலகில் அரம் ஏறக்குறைய வழுக்கிச் சென்றது. சிறிய அலகின் முனையில் கடித்துக்கொண்டது. வேறு வழியின்றி நிறம் படர்ந்த பகுதியையும் அதற்கு அப்பால் சிறிது தூரத்தையும் தேய்த்து நீக்கிவிட்டு, கெடாத உருக்கில் புதிய வாய் எடுத்தார். சிறிய அலகு இப்போது முன்பிருந்ததைவிடக் குட்டையாகவும் ஒல்லியாகவும் இருக்கிறது, ஆனால் கூர் நிற்கிறது.

சேவை செய்கிறவர் போதிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நமக்குரிய உத்தரவாதங்களுள் ஒன்று. பொருளை நாமே கெடுத்துவிட்டால் உற்பத்தியாளரிடம் கேட்க ஒன்றுமில்லை. தீட்டக் கொடுத்த பொருளைத் தீட்டியவர் கெடுத்துவிட்டால் கேட்கலாம். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ஒரு பேனாக்கத்திக்காக அவ்வளவு தூரம் யாரும் போகப்போவதில்லை. ஆனால் விலை உயர்ந்த சமையல் கத்திகளை இத்தகைய முகப்புகளில் கொடுப்பவர்கள், குறைந்தபட்சம் ரசீதை வாங்கி வைத்துக்கொள்வதும், கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

மீண்டும் பெரிய அலகுக்கு வருகிறேன். முனை வடிவம் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியது. அலகு முனையை நோக்கி மெலிவது என்பதால், ஆறு மில்லிமீட்டர் பின்வாங்கிய புதிய முனை பழையதைவிடத் தடிமனான இடத்தில் அமைகிறது. அப்படியே வாயை மட்டும் தீட்டினால் பார்ப்பதற்கு முனை போலிருக்கும், குத்தினால் இறங்காது. பாய் இரு பக்கக் கன்னங்களையும் முன்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி மெலியவைத்தார். நேரத்தின் பெரும்பகுதி இதற்குத்தான் சென்றது. அவசரக் கடைகள் தவிர்ப்பதும் இதைத்தான். பின்னர் தீட்டுக்கல்லில் வாய் எடுத்தார். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை கோணம் வைக்கும்படி விக்டோரினாக்ஸ் பரிந்துரைக்கிறது; அவர் கோணமானி எதையும் பயன்படுத்தவில்லை என்றாலும், இரு பக்கமும் விழுந்த சரிவு ஒரே அகலத்தில் சீராக இருந்தது. கடைசியாக, நாவிதர்கள் சவரக் கத்தியைத் தீட்டும் தோல் பட்டையில் இழுத்துப் பிசிரை எடுத்தார். அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் முடிதிருத்துவோர் என்பது அந்த இடத்தில் தெரிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆலையிலிருந்து வரும் அலகின் பளபளப்பான மேற்பரப்பு, கன்னங்களை ஒதுக்கிய இடத்தில் போய்விட்டது. அங்கே கல்லின் கீறல்கள் மங்கலாகத் தெரிகின்றன. நுண்ணிய தாளில் தேய்த்து மெருகேற்றித் தரலாமே என்று கேட்டதற்கு, வெட்டுவதற்கு மெருகு வேண்டியதில்லை என்று முடித்துவிட்டார். அழகுக்காகக் கத்தி சேர்ப்பவர்களுக்கு இந்த விடை போதாது, அவர்கள் இங்கே வர வேண்டாம். தேய்த்த உருக்குத் தூள் கத்தியின் அடுக்குகளுக்குள் புகுந்திருந்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, எல்லாக் கருவிகளையும் பலமுறை திறந்து மூடி அலசி, நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் ஒரு துளி எண்ணெய் விட்ட பின்புதான் அந்த நறநறப்பு போயிற்று. பினாங்கின் ஈரக்காற்றில் இதைச் செய்யாமல் விட்டால், அலகு துருப்பிடிக்காவிட்டாலும் அடுக்கில் தங்கிய தூள் துருவாகி மூட்டுகளை இறுக்கிவிடும். ரசீது கிடையாது. எப்போது முடியும் என்பதற்கு உறுதியான நேரமும் கிடையாது. முடிதிருத்தும் கடையிலிருந்து யாராவது கத்தரிக்கோலோடு வந்தால், பிழைப்புக்கான கருவி என்று அதைத்தான் முதலில் எடுக்கிறார். நிற்பதற்கு இடமில்லை, மின்விசிறி அவருக்கு மட்டும்தான்.

பெரிய அலகுக்குப் பதினைந்து ரிங்கிட்டும் சிறியதற்கு ஐந்தும் வாங்கினார். இதே வகையைப் புதிதாக வாங்கினால் நூறு ரிங்கிட்டைத் தாண்டும். பணம் மிச்சமானதைவிட, வேலை முடிந்த பின் கத்தி எப்படி நடந்துகொள்கிறது என்பதே என் மதிப்பீட்டுக்கு அடிப்படை. மாம்பழத் தோல் சீவுவது, நைலான் கயிறு அறுப்பது, பெட்டிகளின் ஒட்டுநாடாவைக் கீறுவது ஆகிய அன்றாட வேலைகளில் பழைய கத்திக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. முனை சற்றுத் தடிமனாக இருப்பதால், கையில் தைத்த சிலாம்பை எடுப்பது போன்ற நுண்ணிய வேலைக்கு முன்போல் ஏற்றதாக இல்லை. அதற்குத்தான் கத்தியோடு சாமணம் இருக்கிறதே. நகத்தை விட்டு அலகைத் திறப்பதற்கான பள்ளம் அப்படியே இருக்கிறது. திறந்து மூடும் ஓசை மாறவில்லை.

எல்லா உடைவுக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது. அலகு நடுவில் ஒடிந்திருந்தால், முனை எடுத்த பிறகு எஞ்சுவது கட்டைவிரல் நீளம்தான். அதை வைத்திருப்பதில் பொருளில்லை. மூட்டுக்கு அருகே விரிசல் கண்டிருந்தால் எவ்வளவு சிறிதாயினும் அந்த அலகைப் பயன்படுத்தக் கூடாது. ஒடிந்த அலகைப் பற்றவைத்துத் தரச் சொல்லி ஒருவர் அங்கே வந்திருந்தார். பற்றவைக்கும் சூட்டில் இரு பக்கமும் பதம் போய்விடும் என்று கூறிப் பாய் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வகைக் கத்திகளைப் பொறுத்தவரை, பிரான்சின் சவோய் பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டுவரும் ஒப்பினெல் கத்திகள் முனை திருத்துவதற்கு மிக எளியவை. மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, 1955 முதல் பூட்டும் வளையம் ஒன்று, இவ்வளவுதான். சாணைக் கல்லில் சாய்க்கும்போது பக்கத்துக் கருவிகள் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் அவற்றில் கரிம உருக்கு வகை நம் ஊர் ஈரத்தில் ஓரிரவில் துருப்பூக்கும், ஆகவே வாங்குகிறவர்கள் துருப்பிடிக்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். லெதர்மேன் போன்ற இடுக்கிக் கருவிகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டவை என்பதால், கழற்றினாலும் மறுபடி சேர்க்க முடியும். அலகை மாற்ற வேண்டிய தேவை உண்மையிலேயே அடிக்கடி வருகிறவர்களுக்கு அத்தகைய அமைப்பே பொருத்தம். இன்னும் அடிக்கடி முனையை ஒடிக்கிறவர்களுக்கு, என் மைத்துனர் உட்பட, ஒடிப்பதற்கென்றே கோடு கிழித்த அலகோடு வரும் வெட்டுக்கத்தி இருக்கிறது. பின்னாளில் ஒல்ஃபா நிறுவனத்தைத் தொடங்கிய யோஷியோ ஒகாடா 1956இல் ஜப்பானின் ஒசாகாவில் உருவாக்கிய அந்த வகையில், மழுங்கிய துண்டை ஒடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பயன்படுத்தலாம். அதனாலும் சாய டின்னைத் திறக்க முடியாது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். கத்தியைக் கையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொண்டு சந்தைக்குள் அலைய வேண்டாம். தகுந்த காரணமின்றித் தாக்கும் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். முனை உடைந்த கத்தியை அட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்துச் செல்வது பாதுகாப்பானது, விளக்கம் சொல்வதற்கும் எளிது. இருபுறமும் வாய் வைத்துத் தரச் சொன்னால் பாய் ஏற்க மாட்டார். ஒடிந்த துண்டு கிடைத்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்; பழைய முனை எந்த உயரத்தில் இருந்தது என்பதை அதை வைத்து அளந்துகொள்கிறார். பணம் ரொக்கமாகத்தான். வெள்ளிக்கிழமை நண்பகலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விடுவதால் கடை மூடியிருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் குர்பானிக்கான கத்திகள் வந்து குவிந்துவிடும், அப்போது மடக்குக் கத்திகளை அவர் வாங்கி வைப்பதே இல்லை.